கீரை விதையில் எழுதிய பெயர்கள்

அந்த மனிதர் செடிகளைப் பார்க்கவில்லை. பிள்ளைகளின் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளை வேட்டி, கறுப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை. கோட்டு மண்ணில் புரளாமல் மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு பாத்தியருகே குந்தியிருந்தார். எதிரே அஞ்சலை கத்தரி நாற்று நட்டுக்கொண்டிருந்தாள். பத்துப் பதினொரு வயதுப் பெண். நாற்றை இலையில் பிடித்துத்தான் தூக்குவாள், தண்டைத் தொடமாட்டாள். வேரைச் சுற்றிய மண் உதிராமல் இடக்கையில் ஏந்திக்கொள்வாள். குழியில் இறக்கி, கட்டைவிரல்களால் அமுக்கிவிட்டு, சாண் போட்டு அளந்து அடுத்த குழிக்கு நகர்வாள்.

"எதுக்கும்மா இவ்ளோ தள்ளித் தள்ளி வைக்கிற?" என்று கேட்டார் அவர்.

"வளந்தா ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்குங்க. வெயிலுக்கு அடிச்சுக்கும்," என்றாள் அஞ்சலை, தலை நிமிராமல். "ஒரு செடிக்கு ரெண்டு சாண். பாத்தி எத்தனை சாண்னு அளந்து வகுத்தா, எத்தனை நாத்துன்னு வந்துடும். அத்தனைதான் எடுத்தாரணும். மிச்சமானா வாடிடும்."

அவர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற என் அண்ணனும் சிரித்தார். அண்ணனின் முகத்தில் அப்படியொரு பூரிப்பை அதற்கு முன்னும் நான் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

காலையில் பெய்த மழையின் ஈரம் மண்ணில் இருந்தது. பக்கத்துக் கொட்டில்களிலிருந்து எருமைச் சாண வாடை வந்தது. யாரோ ஒரு பிள்ளை கசக்கிப் போட்ட துளசியின் மணம் அதற்கும் மேலே நின்றது.

சுண்ணாம்புக் கம்பத்துப் பள்ளிக்கூடம்

நானும் அண்ணனும் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலேறி சிங்கப்பூர் வந்திறங்கிய கதையைப் போன வாரம் சொல்லியிருந்தேன். அதைப் படிக்காதவர்களுக்கு ஒரு வார்த்தை: அண்ணன் துரைத்தனத்தில் கிளார்க்கு வேலைக்கென்று வந்தவர். அந்த வேலையில் ஒரு வருஷம் இருந்துவிட்டு, உதறிவிட்டு, வாத்தியாராகப் போனார். எனக்கு அப்போது கல்யாணமாகவில்லை. அண்ணனோடு இருந்து, அதே பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தேன்.

சிராங்கூன் சாலைப் பக்கத்தை அந்நாளில் எங்கள் சனங்கள் சுண்ணாம்புக் கம்பம் என்பார்கள். கம்பம் என்றால் மலாயில் கிராமம். சுண்ணாம்புக் காளவாய்கள் புகைந்த காலத்துப் பெயர். காளவாய் போன பிறகும் பெயர் போகவில்லை. சாலையில் டிராம் ஓடத் தொடங்கியிருந்தது. அதன் மணிச் சத்தத்துக்கு எருமைகள் இன்னும் பழகியிருக்கவில்லை. மணி அடித்தால் மாட்டுக்காரர்கள் கத்துவார்கள், மாடுகள் நடுச்சாலையில் திரும்பி நிற்கும், டிராமுக்குள்ளிருக்கும் சீனரும் மலாய்க்காரரும் எட்டிப் பார்த்துத் திட்டுவார்கள். இதைப் பார்ப்பதற்கென்றே எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கு நேரம் கழித்து வருவார்கள்.

பள்ளிக்கூடம் என்றால் ஓர் அத்தாப்பு ஓலைக் கூரைக் கொட்டகை. ஒரு சபையார் நடத்தினார்கள். பிள்ளைகள் எல்லாரும் ரோட்டுக் கூலிகள், வண்டிக்காரர்கள், பால்காரர்கள் வீட்டுப் பிள்ளைகள். விடிவதற்குள் எழுந்து தண்ணீர் சுமந்து, மாட்டுக்குப் புல் போட்டு, கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருந்துவிட்டுத்தான் வருவார்கள். சிலேட்டைக் கையில் கொடுத்தால் தூங்கிவிடுவார்கள்.

அண்ணன் அடிக்கமாட்டார். அதனால் மற்ற வாத்திமார் அவரை வாத்தியாராகவே எண்ணவில்லை.

அஞ்சலை தூங்கமாட்டாள். அவள் அழுவாள். சிலேட்டில் ஓர் எழுத்தும் அவளுக்கு நிற்காது. காலையில் சொல்லிக் கொடுத்த 'ழ' மத்தியானத்தில் ஓடிப்போயிருக்கும். "எம் மண்டையில ஓட்டை இருக்குங்க," என்று அவளே சொல்வாள். அம்மா இல்லாத பிள்ளை. அப்பா முனியன் ரோட்டுக்குச் செம்மண் போடும் வேலை செய்தார். தலைமுடியிலிருந்து கால்நகம் வரை சிவந்துபோய் வந்து மகளைக் கூட்டிக்கொண்டு போவார்.

எழுத்து முளைத்தது

கொட்டகைக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் கிடந்தது. உடைந்த ஓடு, எலும்பு, சகதி. அண்ணன் அதை ஏன் ஒரு நாள் கொத்தத் தொடங்கினார் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. கேட்டதற்கு, "சும்மா இருக்கிற மண்தானே பிள்ளை. பாப்பம்," என்றார்.

முதலில் அவர் செய்தது இது. மண்ணைப் பொடியாக்கி மட்டம் செய்துவிட்டு, விரலால் பெரிதாக 'மழை' என்று கீறினார். கீறிய பள்ளத்தில் பிள்ளைகளைக் கீரை விதை தூவச் சொன்னார். கையைப் பள்ளத்துக்கு மேலேயே கொண்டுபோனால்தான் விதை விழும். 'ழ'வின் வளைவில் கை வளைய வேண்டும். அஞ்சலை மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்த வளைவு முழுக்கத் தூவினாள். பிறகு மண்ணை மூடித் தண்ணீர் தெளித்தார்கள்.

சில நாளில் 'மழை' பச்சையாக எழுந்து நின்றது.

பிள்ளைகள் கூச்சல் போட்டதில் எருமைக் கொட்டிலிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அஞ்சலை கத்தவில்லை. குந்தி உட்கார்ந்து, முளைகளின் மேல் தொட்டும் தொடாமலும் விரலை ஓட்டி, 'ழ'வை மறுபடி எழுதிப் பார்த்தாள். அதற்குப் பிறகு அது அவளைவிட்டு ஓடவில்லை.

அப்புறம் ஆளுக்கொரு அடி நிலம். ஆளுக்கொரு பெயர். அந்த மாதம் எங்கள் பள்ளிக்குப் பின்னால் பெயர்களாகவே முளைத்துக் கிடந்தன. எழுதத் தெரியாத அப்பன்மார் வந்து, "இதுல எது எம்புள்ள?" என்று கேட்பார்கள். பிள்ளை கையைப் பிடித்துக் கூட்டிப் போய்க் காட்டும்.

"மண்ணு வெட்டவா அனுப்பினோம்?"

எல்லாரும் மகிழ்ந்துவிடவில்லை.

எங்கள் யாழ்ப்பாணத்து உறவுக்காரர்கள் அண்ணன் மண் கிண்டுவதைக் கேள்விப்பட்டு, வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். அது எங்களை அவ்வளவாகத் தொடவில்லை. தொட்டது முனியன் சொன்னதுதான்.

ஒரு சாயங்காலம் மகளின் நகக்கண்ணில் மண்ணைப் பார்த்துவிட்டு, நேரே அண்ணனிடம் வந்தார். கோபப்பட்டுப் பேசவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றுதான் பேசினார்.

"சாமி, தப்பா நெனச்சுக்கக் கூடாது. மண்ணு வெட்டத்தான் நாங்க இருக்கோமே. எம்புள்ளையும் மண்ணு வெட்டவா பள்ளிக்கூடம் அனுப்பினேன்? அவ கையில பலப்பத்தைக் குடுங்க சாமி. சங்குல் வேணாம்."

சங்குல் என்றால் மலாய்க்காரர்களின் மண்வெட்டி. ரோட்டு வேலையில் அவர் தோளில் எந்நேரமும் இருப்பது.

அண்ணன் அஞ்சலையைக் கூப்பிட்டு, "உன்ரை பாத்தியைப் பற்றி அப்பாவுக்குச் சொல்லு," என்றார்.

அவள் சொன்னாள். பாத்தியின் நீளம், அகலம், அதில் பாதி வெண்டை, காலில் மிளகாய், மிச்சக் காலில் கீரை. அரையும் காலும் சேர்ந்தால் முக்கால். முக்காலில் பாதி எவ்வளவு என்று அப்பாவையே திருப்பிக் கேட்டாள். பிறகு மரச்சீட்டுகளில் எழுதியிருந்ததை ஒவ்வொன்றாக வாசித்தாள். மண்ணெண்ணெய்ப் பெட்டிப் பலகையைச் சீவி, சுண்ணாம்பு பூசி, நாங்கள் எழுதி நட்ட சீட்டுகள் அவை. கீரைக்கு மலாயில் 'பாயாம்', மிளகாய்க்கு 'சாபே' என்று அதையும் சொன்னாள்.

முனியன் பாத்திக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பார்த்து, "இதெல்லாம் இந்த மண்ணுலயா சாமி இருக்குது?" என்று கேட்டார்.

"எல்லாப் படிப்பும் மண்ணிலதான் இருக்குது முனியன்," என்றார் அண்ணன்.

கிணறுதான் சமுத்திரம்

இங்கே கொஞ்சம் நின்று போகிறேன். இந்தக் கதையில் சந்தோஷமான பகுதி இது ஒன்றுதான்.

அண்ணனின் பூகோளப் பாடத்துக்குப் படம் கிடையாது. கிணறுதான் சமுத்திரம். அதற்கு அந்தப் பக்கம் மிளகாய்ப் பாத்தி, அதுதான் அமெரிக்கா. மிளகாய் அங்கிருந்து வந்த பிள்ளை. இந்தப் பக்கம் கத்தரி, அது இந்தியா. வேலியோரத்து வாழை சிங்கப்பூர். ஒரு பிள்ளை மிளகாயைக் கையில் வைத்துக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடி, வாழையடியில் வந்து இறங்க வேண்டும். அத்தனை பிள்ளைகளும் கப்பலாக வேண்டும் என்று அடித்துக்கொள்வார்கள். துறைமுகமாக நிற்க ஆள் கிடைக்காது. நான்தான் நிற்பேன்.

தமிழ்ப் பாடத்தில் எப்போதும் சண்டை. நாங்கள் 'வெண்டி' என்போம், அவர்கள் 'வெண்டக்கா' என்பார்கள். நாங்கள் 'கச்சான்' என்றால் அவர்கள் 'வேர்க்கடலை' என்பார்கள். "ஒங்க ஊருல எல்லாத்துக்கும் பேரு தப்பா வெச்சிருக்காங்க ஐயா," என்று ஒருத்தி அண்ணனிடமே சொல்லிவிட்டாள். அண்ணன் அன்று முழுவதும் சிரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு பாடம் மட்டும் அஞ்சலை செய்ய மறுத்தாள். நெருக்கமாக முளைத்த நாற்றுகளில் சோனியானவற்றைக் களைந்துவிட வேண்டும். அப்போதுதான் மற்றவை தேறும். அண்ணன் சொல்லிக் காட்டியும் அவள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பாவங்க ஐயா. அதுவும் மொளச்சிருச்சுல்ல."

மற்றப் பிள்ளைகள் பிடுங்கிப் போட்டதையெல்லாம் பொறுக்கிக்கொண்டு போய் வாய்க்கால் ஓரத்தில் நட்டாள். பெரும்பாலும் கருகிவிட்டன. சில பிழைத்தன. அவளை அண்ணன் அதற்காக ஒன்றும் சொல்லவில்லை.

விருந்தாளி

பிள்ளைகள் செய்ததைப் பெற்றோர் வந்து பார்க்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாரையும் அழைத்தார். அன்று முனியனோடு வந்தவர்தான் அந்தக் கறுப்புக் கோட்டுக்காரர்.

முனியனுக்கு ஊர்ப்பக்கத்து ஆளாம். தீவின் வடக்கே செம்பவாங்கில் காடு வெட்டிக் கித்தா மரம் வைத்துக்கொண்டிருந்த ஒரு தோட்டத்தில் கூலிகளுக்கு மேலாளான கங்காணி. கித்தா என்று எங்கள் சனங்கள் ரப்பரைச் சொல்வார்கள். அந்த வருஷங்களில் யாரைப் பார்த்தாலும் கித்தாப் பேச்சுதான். அன்னாசி போட்டவர்களும் மிளகு போட்டவர்களும் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுக் கித்தா வைத்துக்கொண்டிருந்தார்கள்.

கங்காணி ஒவ்வொரு பாத்தியாக நின்று நின்று பார்த்தார். நாற்று நடும் பிள்ளைகளிடம் பேச்சுக்கொடுத்துப் பார்த்தார். போகும்போது அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாத்தியாரே, நானும் எத்தனையோ ஆளுங்களுக்கு நாத்து எடுக்கச் சொல்லிக் குடுத்துப் பாத்துட்டேன். வேர அறுத்துடுவானுங்க. ஒங்க புள்ளைங்க கை இருக்கே, அது தங்கம். நீங்க பெரிய வேலை பண்ணியிருக்கீங்க."

அவர் பொய் சொல்லவில்லை. கெட்ட எண்ணத்தோடும் சொல்லவில்லை. நல்லவர் என்றே இன்றும் நினைக்கிறேன். கித்தா விதை முளைக்கவைத்து, நாற்றைக் கூடைக்கு மாற்றி, சேதமில்லாமல் காட்டில் கொண்டுபோய் வைக்க அவருக்குச் சின்னக் கைகள் தேவைப்பட்டன. அந்தக் கைகள் பழக்கி வைக்கப்பட்டு, எங்கள் பள்ளிக்குப் பின்னால் இருந்தன.

வண்டி கட்டிய காலை

அடுத்த வாரமே ஒரு காலையில், சில குடும்பங்கள் புறப்படுவதாகப் பேச்சு வந்தது. அவற்றில் முனியன் பெயரும் இருந்தது. அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் குடியிருந்த இடத்துக்கு ஓடினார். வண்டியில் மாடு பூட்டியாகிவிட்டது. பாயும் சட்டியும் ஏறிவிட்டன. அஞ்சலை கையில் ஓர் ஓலைக்கூடை. அதில் ஈரத்துணி சுற்றிய மிளகாய் நாற்றுகள்.

"முனியன், என்ன இது? பிள்ளையின்ரை படிப்பு என்னாகும்?" என்றார் அண்ணன்.

"சாமி, அங்க எங்க ரெண்டு பேருக்கும் வேலை தர்றாங்க. தனி ரூமு."

"நீ போ. நான் தடுக்கேல்லை. பிள்ளையை விட்டிட்டுப் போ. என்ரை தங்கச்சியோடை இருக்கட்டும். எங்கடை பிள்ளையா வச்சுப் பாப்பம்."

முனியன் அண்ணனை நிமிர்ந்து பார்த்தார். அதற்கு முன் ஒருநாளும் அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"நான் பகல் பூரா ரோட்டுல கெடக்கேன். எவன் வீட்டுப் பக்கம் போறான் வர்றான்னு நெஞ்சு அடிச்சுக்கிட்டே மண்ணு போடறேன். பொட்டப்புள்ள வளருது சாமி. அங்க எங்கண்ணு முன்னாலயே இருப்பா. நான் குழி வெட்டுவேன், அவ நாத்து வைப்பா. தலையத் தூக்கினா புள்ளையப் பாக்கலாம். எனக்கு அது போதும்."

அண்ணன் அஞ்சலையின் கூடையைப் பார்த்தார். முனியன் அவரைத் தேற்றுவதைப்போல் மெதுவாகச் சொன்னார்:

"படிப்பு எங்கயும் போயிடாது சாமி. நீங்கதான் சொன்னீங்களே, எல்லாப் படிப்பும் மண்ணுல இருக்குன்னு. அங்க மண்ணு நெறைய இருக்குது."

குத்திக் காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னார். அதனால்தான் அண்ணனால் தாங்க முடியவில்லை.

வண்டி நகர்ந்தது. அஞ்சலை பின்பக்கம் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்து, "ஐயா, எம் பாத்திக்கு தண்ணி ஊத்துங்க, மத்தியானத்துல ஊத்திடாதீங்க, வெந்துடும்!" என்று கத்திக்கொண்டே போனாள்.

அண்ணன் மட்டும் போய் வந்தது

மழைக்காலம் முடிந்ததும் அண்ணன் ஒரு நாள் செம்பவாங்குக்குப் போய் வந்தார். போகும்போது சிலேட்டும் பலப்பமும் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போனார். அன்று அவர் வகுப்பையும் நான் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

திரும்பி வந்தவரிடம் கேட்டுக் கேட்டு வாங்கியதைத்தான் இங்கே சொல்கிறேன்.

மரங்களை வெட்டி எரித்த கரிக்காட்டின் நடுவே நீள நீளமாக நாற்றுப் பாத்திகளாம். அவற்றின் மேல் ஓலைப் பந்தல். அங்கே போன எங்கள் பிள்ளைகள் எல்லாரும் அதன் கீழே வரிசையாகக் குந்தியிருந்தார்களாம். அஞ்சலை அண்ணனைப் பார்த்ததும் ஓடி வந்தாளாம். முகம் மஞ்சளாக இருந்ததாம். வயிறு கொஞ்சம் உப்பியிருந்ததாம். ஆனால் வாய் ஓயவில்லையாம். கயிற்றில் முடிச்சுப் போட்டு மரத்துக்கு மரம் இடைவெளி அளக்கும் வேலையை அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கங்காணியே கணக்கில் தடுமாறினால் அவளைத்தான் கூப்பிடுவாராம்.

"ஐயா, இன்னிக்கு என்ன பாடம்?" என்று கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிட்டாளாம்.

அண்ணன் சிலேட்டை அவிழ்ப்பதற்குள் வேலைக்கு மணி அடித்துவிட்டது.

தோட்டத்துக் கிளார்க்கு எங்கள் ஊர்க்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே வந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா என்று அண்ணன் அவரிடம் கேட்டார். "துரையிட்டைச் சொல்லிப் பாக்கிறன். ஆனா ஒண்டு, இதுகள் படிச்சா நாத்தை ஆர் எடுக்கிறது?" என்று அவர் சிரித்தாராம். துரையிடம் கேட்டாரோ இல்லையோ, பதில் வரவே இல்லை.

"நான் பிள்ளையளைப் படிப்பிக்கேல்லை தங்கச்சி," என்றார் அண்ணன். "தோட்டத்துக்கு ஆள் பழக்கிக் குடுத்திருக்கிறன்."

நான் இல்லை என்றேன். எவ்வளவோ சொன்னேன். முனியன் எப்படியும் போயிருப்பார், தகப்பன் மனசு அது, நீங்கள் சிலேட்டோடு நின்றிருந்தாலும் போயிருப்பார் என்றேன். அன்று சொன்னதைத்தான் இன்றும் சொல்வேன். அது அவர் காதில் ஏறவில்லை.

மறுநாளிலிருந்து அவர் கொட்டகைக்குப் பின்னால் போகவில்லை. பிள்ளைகளுக்குச் சிலேட்டை எடுத்துக் கொடுத்தார். அவர்கள் மறுபடி தூங்கினார்கள். தோட்டத்துக்குப் போன குடும்பங்களைப் பார்த்து வேறு குடும்பங்களும் போயின. பாத்திகளில் புல் ஏறியது. நானும் மிஞ்சிய சின்னப் பிள்ளைகளுமாகக் கொஞ்ச நாள் தண்ணீர் ஊற்றினோம். சபையார் வந்து பார்த்துவிட்டுத் தோட்டம் அழகாயிருப்பதாகச் சொன்னார்கள். பிள்ளைகள் எங்கே என்று கேட்கவில்லை.

செய்தி

காடு வெட்டிய இடமெல்லாம் காய்ச்சல் வரும் என்று அப்போது எல்லாருக்கும் தெரியும். ஏன் வருகிறது என்றுதான் எங்கள் மாதிரி ஆட்களுக்குத் தெரியாது. மண்ணிலிருந்து எழும் ஆவி என்றார்கள். அண்ணன் அதைக் கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

செம்பவாங்கிலிருந்து கட்டை ஏற்றி வரும் வண்டிக்காரர் ஒருவர் செய்தியைக் கொண்டுவந்தார். பள்ளிக்கூட வாசலில் மாட்டை நிறுத்திவிட்டு, உள்ளே வராமலேயே சொன்னார். "முனியன் மவ போயிடுச்சுங்க. குளிர் ஜுரம். கொயினா மருந்து குடுத்துப் பாத்தாங்க, நிக்கல."

அண்ணன் பாடத்தை நிறுத்தவில்லை. பலகையில் எழுதிக்கொண்டிருந்த வரியை எழுதி முடித்தார். பிள்ளைகளை அதை வாசிக்கச் சொன்னார். அவர்கள் வாசித்து முடித்த பிறகு வெளியே போய், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் போய்க் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அந்த வருஷக் கடைசியில் அவர் வாத்தியார் வேலையை விட்டார். துறைமுகத்தில் ஒரு கிளார்க்கு வேலையில் சேர்ந்து, சாகும்வரை அதிலேயே இருந்தார். எங்கள் வீட்டில் ஒரு துளசிகூட அவர் வைக்கவிடவில்லை.

முனியன் கேட்டது

செம்பவாங்குக்கு நான் தனியாகத்தான் போனேன். அண்ணனுக்கு முடியவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. அதே வண்டிக்காரர் தம் மனைவியையும் ஏற்றிக்கொண்டு என்னைக் கூட்டிப் போனார்.

முனியன், கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கு வெளியே உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து, தோள் துணியால் ஒரு மரக்கட்டையைத் துடைத்து, "உக்காருங்கம்மா," என்றார். அவரும் காய்ச்சலில் அடிபட்டுப் பாதியாகியிருந்தார். அழவில்லை. அழுது முடிந்திருக்க வேண்டும்.

எங்கே என்று கேட்டேன். லயத்துக்குப் பின்னால் கையைக் காட்டினார். வெட்டாத காட்டின் ஓரம். கூடப்போய்ப் பார்த்தேன். சின்ன மேடு. மேலே ஒரு பூ இல்லை, கல் இல்லை. ஈர மண் மட்டும். "அடுத்த மாசம் இந்தப் பக்கமும் வெட்டறாங்களாம்," என்றார். "இங்கயும் கித்தா வருது."

திரும்பி வந்து உட்கார்ந்தோம்.  அவர்தான் பேசினார்.

"அம்மா, பள்ளிக்கூடத்துல நடந்தது எல்லாத்தையும் அவ எங்கிட்ட சொல்லிடுவா. சோறு திங்கறப்ப சொல்லுவா. தூங்கப் போறப்ப சொல்லுவா. ஐயா சொன்னது, புள்ளைங்க அடிச்சுக்கிட்டது, எல்லாம் எனக்குத் தெரியும். அவ எங்கிட்ட சொல்லாம விட்டது ஏதாச்சும் இருக்குதாம்மா? இருந்தா ஒண்ணு சொல்லுங்க."

நான் யோசித்தேன். ஒன்று இருந்தது.

அவர்கள் புறப்பட்டதற்கு முந்தின நாள் பள்ளி விட்ட பிறகு, அஞ்சலை என்னோடு கொஞ்ச நேரம் இருந்தாள். வெள்ளைக் காசித்தும்பை ஒன்றைத் தண்டோடு வெட்டிவந்திருந்தாள். செடி எந்த வாயால் தண்ணீர் குடிக்கிறது என்று கேட்டாள். நான் ஒரு குப்பியில் தண்ணீர் ஊற்றி, திருத்துகிற சிவப்பு மையை அதில் கலந்து, தண்டை உள்ளே வைத்தேன். நாளைக்கு வந்து பார், தெரியும் என்றேன். அவள் போனாள். மறுநாள் வண்டி போய்விட்டது.

இதை முனியனிடம் சொன்னேன்.

"அப்புறம் என்னாச்சும்மா?"

"தண்டுக்குள்ளே சின்னச் சின்னக் குழாய் இருக்குது. அது வழியாய்ச் சிவப்பு ஏறினது வெளியிலேயே தெரிஞ்சது. மறுநாள் சாயங்காலத்துக்குள்ளே பூவின் நரம்பெல்லாம் சிவந்து போச்சு."

"வெள்ளப் பூவா?"

"வெள்ளைப் பூதான்."



"அவ அதைப் பாக்கலியே," என்றார்.

"இல்லை. பார்க்கவில்லை."

லயத்தில் யாரோ விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். வண்டிக்காரர் மாட்டைப் பூட்டிவிட்டு எனக்காகக் காத்து நின்றார். முனியன் கட்டையிலிருந்து இறங்கி, பள்ளிப் பிள்ளை மாதிரி என் எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தார்.

"இன்னொரு தரம் மொதல்லேருந்து சொல்லுங்கம்மா," என்றார். "நான் போயி அவகிட்ட சொல்லணும். தப்பாச் சொல்லிடக் கூடாது."